நான்கு இலக்கச் சாட்சி

சென்ற ஐப்பசியில் ஒரு காலைப் பொழுது. அடைமழை சற்றே ஓய்ந்திருந்தது. எங்கள் தெருக்கோடியில் வசிக்கும் மூதாட்டி ஒருவர் ஒரு வங்கிக் கணக்குப் புத்தகத்தை முந்தானைக்குள் பொதிந்து கொண்டு வந்து என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தார். முதியோர் உதவித் தொகையும், வெளியூரிலிருக்கும் மகன் அனுப்பும் பணமுமாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த தொகை அவருடையது. அதில் 9,000 ரூபாய், அவர் அறியாமலே, இரண்டு நாட்களில் மூன்று முறையாக எடுக்கப்பட்டிருந்தது. வங்கிக்குச் சென்று முறையிட்டிருக்கிறார். அங்கிருந்தவர் கணிப்பொறித் திரையைப் பார்த்துவிட்டு, "இரகசிய எண் சரியாகப் போடப்பட்டிருக்கிறது, பாட்டி. நீங்கள் எடுத்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எடுத்திருக்க வேண்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

"எடுக்கலேன்னு நான் சொல்றேன், எடுத்தேன்னு அந்தப் பெட்டி சொல்லுது. எங்க ரெண்டு பேர்ல யார் பேச்சு செல்லும், வாத்தியாரையா?" என்று அவர் கேட்டார்.

முப்பது ஆண்டுகள் பள்ளியிலே வரலாறு போதித்தவன் நான். பானிப்பட்டுப் போர்கள் மூன்றுக்கும் ஆண்டு சொல்லுவேன். அந்த மூதாட்டியின் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அவருக்காக ஒரு புகார் மனு எழுதிக் கொடுத்தேன். பிறகு, அந்த நான்கு இலக்க எண் எங்கிருந்து வந்தது, அதன் சொல் எப்படி ஒரு மனிதரின் சொல்லினும் வலிமை பெற்றது என்று தேடத் தொடங்கினேன். அத்தேடலில் கிடைத்தவற்றுள் சிலவற்றையே இன்று மாணவர்களாகிய உங்களோடு பகிர்ந்து கொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் மூன்று சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து இதனைப் 'பின்' என்கிறார்கள். அம்மூன்றில் இறுதிச் சொல்லே 'நம்பர்' என்பதுதான். நாமோ 'பின் நம்பர்' என்று நம்பரை இருமுறை சொல்லுகிறோம். 'கேட்டுக் கதவு' என்பது போல. ஆங்கிலேயர்களும் இதே பிழையைச் செய்கிறார்களாதலால் நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. நான் 'இரகசிய எண்' என்றே சொல்லிக் கொண்டு போகிறேன்.

ஒருவர் தாம் இன்னார் என்று மெய்ப்பிப்பதற்கு உலகம் மூன்று வழிகளைத்தான் கண்டிருக்கிறது. கையில் உள்ள பொருளைக் காட்டலாம். உடலில் உள்ள குறியைக் காட்டலாம். மனத்தில் உள்ள ஒன்றைச் சொல்லலாம். பொருளைக் காட்டும் முறை மிகப் பழையது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் முத்திராத்தியட்சன் என்னும் அதிகாரியைப் பற்றிக் கூறுகிறது. ஒரு மாஷகம் கட்டணம் பெற்றுக் கொண்டு முத்திரை வழங்குவது அவன் தொழில். முத்திரை உடையவரே நாட்டுக்குள் வரலாம், வெளியே போகலாம். முத்திரையின்றி அகப்பட்ட உள்நாட்டாருக்குப் பன்னிரண்டு பணம் தண்டம். போலி முத்திரைக்கும் அங்கே தனியாகத் தண்டனை சொல்லப்பட்டிருக்கிறது. தண்டனை எழுதப்பட்டிருக்கிறதென்றால் குற்றமும் நடந்திருக்கிறது என்றுதான் வரலாற்று மாணவன் கொள்ள வேண்டும். பொருளைத் திருடலாம், பொருளைப் போலச் செய்யலாம் என்னும் குறை அன்றே தெரிந்திருந்தது.

இக்குறைக்கு மருந்து என்ன என்பதும் நம் முன்னோர் அறியாததன்று. இராமன் அனுமனிடம் கணையாழியை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை. தானும் சீதையும் மட்டுமே அறிந்த சில நிகழ்ச்சிகளையும் அடையாளமாகச் சொல்லி அனுப்புகிறான். மாயம் மலிந்த இலங்கையில் மோதிரம் ஒன்றை மட்டும் நீட்டினால் யார் நம்புவார்கள்? சீதையும் சூடாமணியைக் கொடுக்கும்போது, காகம் செய்த தீங்கின் கதையை உடன் சொல்லி அனுப்புகிறாள். பொருளும் வேண்டும், அதன் உடையவருக்கே தெரிந்த இரகசியமும் வேண்டும் என்பதே இன்று அட்டையும் எண்ணும் சேர்ந்து செய்யும் வேலை. பொறியியல் நூல்கள் இதற்கு 'இரு காரணிச் சரிபார்ப்பு' என்று கனமான பெயர் சூட்டியிருக்கின்றன.

உரோமானியப் படைப் பாசறையில் இரவுதோறும் ஓர் அடையாளச் சொல் வழங்கப்பட்ட விதத்தைப் பொலிபியஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் விரிவாக எழுதியிருக்கிறார். சொல்லை ஒரு மரப்பலகையில் எழுதுவார்கள். அது பிரிவுக்குப் பிரிவு கைமாறி, இருட்டுவதற்குள் தலைவனிடம் திரும்பிவர வேண்டும். ஒரு பலகை வராவிட்டால், வந்தவற்றின் குறிகளைப் பார்த்து எந்தப் பிரிவிடம் தங்கிவிட்டது என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். சிறந்த ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சொல் ஒருவன் உரோமானிய வீரன் என்று காட்டுமே தவிர, எந்த வீரன் என்று காட்டாது. பாசறை முழுவதற்கும் ஒரே சொல்.

உடலின் குறிக்கு ஓர் உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. 1858ஆம் ஆண்டு வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவர் பின்னால் கையெழுத்தை மறுத்துவிடாதிருக்கும் பொருட்டு, ஒப்பந்தத் தாளில் அவருடைய உள்ளங்கை முழுவதையும் மை தடவிப் பதிப்பித்துக் கொண்டார். பின்னர் வளர்ந்த கைரேகை இயலுக்கு அதுவே ஒரு தொடக்கம். நாம் கைநாட்டு என்று சற்று ஏளனமாகச் சொல்லும் பழக்கத்திலிருந்து ஒரு விஞ்ஞானம் பிறந்திருக்கிறது. ஆனால் மண் வெட்டியும் பாத்திரம் துலக்கியும் தேய்ந்த விரல்களில் ரேகை சரிவரத் தெரிவதில்லை. மற்றொன்று: எண் களவு போனால் வேறு எண் வைத்துக் கொள்ளலாம், விரல் ரேகை களவு போனால் வேறு விரலுக்கு எங்கே போவது?

இனி, நம் கதையின் நாயகனாகிய எண்ணுக்கு வருவோம். அது பிறந்தது 1960களில், பிரிட்டனில். அதன் பிறப்புக்குக் காரணம் போரோ அரசியலோ அன்று, சனிக்கிழமை. வங்கி ஊழியர்கள் சனிக்கிழமை விடுமுறை வேண்டினார்கள். அந்த நாட்டு வங்கிகளும் அன்றைக்குக் கதவைச் சாத்திவிடும் எண்ணம் கொண்டன. ஆனால் வாரம் முழுதும் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைப்பவன் வங்கிக்குப் போகக்கூடிய நாள் அது ஒன்றுதானே? ஆளில்லாமல் பணம் கொடுக்கும் யந்திரம் ஒன்று வேண்டியதாயிற்று. பணம் கொடுக்கும் பொறியைச் செய்வது பெரிய காரியமன்று. சாக்கலேட் கொடுக்கும் பொறிகள் அப்போதே இருந்தன. யாருக்குக் கொடுப்பது என்பதுதான் சிக்கல். வங்கிக் குமாஸ்தா வாடிக்கையாளரின் முகத்தை அறிவார், கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார். யந்திரத்துக்கு அந்நாளில் முகமும் தெரியாது, கையெழுத்தும் தெரியாது.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் குட்ஃபெலோ என்னும் பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். துளையிட்ட ஓர் அட்டை. அட்டைக்கு உரியவர் மட்டும் அறிந்த ஓர் எண். அந்த எண்ணை அழுத்துவதற்குப் பொத்தான்கள். அட்டையில் உள்ள குறியும் அழுத்திய எண்ணும் பொருந்தினால் பணம் வெளிவரும். 1966 மே மாதம் இதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. உலகமெல்லாம் பின்னாளில் கையாண்ட இந்த யோசனைக்காக அவருக்குக் கிடைத்த தனிச் சன்மானம் ஏறக்குறைய பத்துப் பவுண்டுதான். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2006இல், பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஒரு விருது அளித்தது.

ஆனால் பொதுமக்கள் முன் முதலில் வந்து நின்றது வேறொருவரின் யந்திரம். 1967 ஜூன் 27ஆம் நாள், லண்டனுக்கு வடக்கேயுள்ள என்ஃபீல்டில், பார்க்ளேஸ் வங்கிக் கிளையின் சுவரில் அது பொருத்தப்பட்டது. அதைச் செய்தளித்த நிறுவனத்தின் தலைவர் ஜான் ஷெப்பர்டு-பாரன். இவர் 1925இல் நம் நாட்டு ஷில்லாங்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் வான்குடைப் படையில் பணியாற்றியவர். அந்த யந்திரத்துக்கு அட்டை கிடையாது. கார்பன்-14 என்னும் கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு தோய்த்த ஒரு காசோலைத் தாளைத்தான் உள்ளே இட வேண்டும். அந்தத் தாளால் உடலுக்குக் கேடு வராதா என்று கேட்டவர்களுக்கு, 1,36,000 தாள்களைத் தின்றால் வரலாம் என்று அவர் வேடிக்கையாகப் பதில் சொன்னதுண்டு.

எண்ணுக்கு ஏன் நான்கு இலக்கம் என்பதற்கு அவரே பிற்காலத்தில் ஒரு காரணம் கூறியிருக்கிறார். படையில் தமக்கு வழங்கப்பட்ட எண் ஆறு இலக்கம்; அது மறவாமல் நினைவில் நின்றதால் ஆறு இலக்கமே போதும் என்று எண்ணினாராம். சமையலறையில் அமர்ந்து இதை மனைவி கரோலினிடம் சொன்னபோது, தமக்கு நான்கு இலக்கத்துக்கு மேல் நினைவில் நிற்காது என்று அவர் சொல்லிவிட்டார். நான்காயிற்று. ஒரு நிகழ்ச்சியைப் பல ஆண்டுகளுக்குப் பின் சொல்பவர் அதைச் சற்று அழகுபடுத்துவது இயல்பு. ஆகவே வரலாற்று மாணவன் இத்தகைய கதைகளை ஓர் உப்புக் கல்லோடு வைத்துக் கொள்வது நல்லது. எப்படியாயினும், சர்வதேச விதி நான்கு முதல் பன்னிரண்டு இலக்கம் வரை அனுமதித்தும், பெரும்பாலான நாடுகள் நான்கோடு நின்றுவிட்டன. ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் ஆறு இலக்கம் வைத்துக் கொண்டார்கள்.

நான்கு இலக்கம் என்றால் 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஓர் யந்திரத்தை வைத்துக் கொண்டு வரிசையாக அழுத்திப் பார்த்தால் விரைவிலேயே பூட்டுத் திறந்துவிடும். அப்படியிருந்தும் இம்முறை பயன்படுகிறதே, எப்படி? பாதுகாப்பு எண்ணில் இல்லை. எண்ணைத் தவறாகப் போட்டால் என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. மூன்று முறை தவறினால் அட்டை முடங்கும். குருட்டாம்போக்கில் முயலும் திருடனுக்கு 10,000இல் மூன்று வாய்ப்புத்தான். அதாவது, எல்லாரும் எண்ணைக் கண்டபடி தேர்ந்தெடுத்தால். மனிதர்கள் அப்படிச் செய்வதில்லை. 1234 என்று வைப்பார்கள். பிறந்த நாளை வைப்பார்கள். பிறந்த தேதி குறித்த ஏதேனும் ஒரு சீட்டும் பணப்பையில் உடனிருக்குமானால், பதினொன்று முதல் பதினெட்டுப் பைகளைத் திருடுபவன் அவற்றுள் ஒன்றின் எண்ணைச் சரியாக ஊகித்துவிடலாம் என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2012இல் கணக்கிட்டார்கள். நம் மூதாட்டியின் எண் அவருடைய மகன் பிறந்த ஆண்டு. போதாக்குறைக்கு, அட்டையின் உறைமேல் பேனாவாலும் எழுதப்பட்டிருந்தது.

யந்திரம் எண்ணை எப்படி அறிகிறது என்பது அடுத்த கேள்வி. வாடிக்கையாளர் அனைவருடைய எண்களையும் ஒரு பேரேட்டில் எழுதி வைத்தால், பேரேட்டைப் பார்ப்பவன் எல்லாருடைய பணத்துக்கும் சொந்தக்காரன் ஆகிவிடுவான். 1970களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் யந்திரங்களோடு பரவிய முறை இதைத் தவிர்த்தது. கணக்கு எண்ணை எடுத்து, வங்கி மட்டுமே வைத்திருக்கும் இரகசியத் திறவுகோல் ஒன்றால் கணித முறையில் கலைத்து, விடையிலிருந்து நான்கு இலக்கங்களை எடுத்தால் அதுவே வாடிக்கையாளரின் எண். தேவைப்படும்போதெல்லாம் கணக்கிட்டுக் கொள்ளலாமாதலால் எங்கும் எழுதி வைக்க வேண்டியதில்லை. எகிப்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த முகமது அட்டாலா என்னும் விஞ்ஞானி, இந்தக் கணக்கு வெளியார் கண் படாமல் உள்ளுக்குள்ளேயே நடந்து முடியும்படி ஒரு பெட்டியை அந்த ஆண்டுகளில் அமைத்தார். இத்தகைய பெட்டிகளை உடைத்துத் திறக்க முயன்றால் உள்ளிருக்கும் திறவுகோல் தானே அழிந்துவிடும். திறவுகோலைப் பெட்டிக்குள் செலுத்தும்போதும் அதைப் பகுதிகளாகப் பிரித்து, இரண்டு மூன்று அதிகாரிகள் தத்தம் பகுதியை மட்டும் செலுத்துவார்கள். கோயில் உண்டியலின் பூட்டுகளுக்குத் தனித்தனிச் சாவிகள் தனித்தனி ஆட்களிடம் இருப்பது போல.

இவ்வளவையும் கேட்கும்போது, பிழை நேர வழியே இல்லை என்று தோன்றும். வங்கிகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அங்கேதான் மூதாட்டியின் கேள்வி பிறக்கிறது.

1980ஆம் ஆண்டு நியூயார்க் நகர நீதிமன்றம் ஒன்றில் இதே கேள்வி எழுந்தது. ஒரு பெண்மணியின் கணக்கிலிருந்து இரண்டு முறையாக 800 டாலர் எடுக்கப்பட்டிருந்தது. அட்டை தம்மிடமே இருந்தது, எண்ணை யாருக்கும் சொல்லவில்லை, அந்த நேரத்தில் தாம் வேலையில் இருந்ததாகத் தம் முதலாளியின் கடிதமும் இருக்கிறது என்றார் அவர். வங்கியோ கணிப்பொறி அச்சிட்ட தாள்களை நீட்டியது. மனிதரை நம்புவதா, யந்திரத்தை நம்புவதா என்பதே தம்முன் உள்ள வழக்கு என்று கண்ட நீதிபதி, மனிதரை நம்பினார். பணம் திரும்பக் கிடைத்தது. வாடிக்கையாளர் அனுமதித்தே பணம் எடுக்கப்பட்டது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்று 1978ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமும் விதித்திருந்தது.

பிரிட்டனில் நிலைமை வேறாக இருந்தது. 1992இல் அங்கே ஒரு காவலர் விடுமுறைப் பயணம் முடிந்து திரும்பியபோது, தாம் எடுக்காத தொகைகள் ஆறு முறை கணக்கிலிருந்து போயிருக்கக் கண்டு முறையிட்டார். தங்கள் கணிப்பொறியில் பிழை நேராது என்று நிறுவனம் உறுதி கூறியது. பிழை நேராதென்றால் முறையிட்டவர் பொய்யர் என்பதுதானே பொருள்? ஏமாற்றிப் பணம் பெற முயன்றார் என்று அவர்மீதே வழக்குத் தொடரப்பட்டது. 1994இல் குற்றவாளி என்று தீர்ப்பும் ஆயிற்று. புகார் கொடுக்கச் சென்ற காவலர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். மேல் முறையீட்டில் அவர் தரப்பு ஒன்றே ஒன்று கேட்டது: அந்தக் கணிப்பொறி முறையை எங்கள் நிபுணரும் பார்க்கட்டும். நிறுவனம் மறுத்தது. பார்க்க விடாத யந்திரத்தின் சாட்சியத்தை ஏற்பதற்கில்லை என்றாயிற்று. 1996இல் அவர் விடுதலை பெற்றார்.

இதைப் படித்தபோது எனக்குப் பாண்டியன் அவைதான் நினைவுக்கு வந்தது. சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும் வழக்கு அது. உடைத்துப் பார்த்தார்கள், கோவலன் இறந்த பிறகு.

அந்தக் காவலருக்காக நிபுணராக நின்றவர் ராஸ் ஆண்டர்சன். பின்னாளில் கேம்பிரிட்ஜில் பேராசிரியராக விளங்கி 2024இல் மறைந்தவர். பணம் வழங்கும் யந்திரங்கள் உண்மையில் எப்படி ஏமாற்றப்படுகின்றன என்று ஆராய்ந்து அவர் 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய கட்டுரை. திறவுகோலைக் கணிதத்தால் உடைத்த பேரறிவாளர்களை எதிர்பார்த்து அதைப் படிக்கத் தொடங்கினேன். கண்டதோ வேறு. ஒரு வங்கியின் யந்திரத்தில், தொலைபேசி அட்டை ஒன்றைச் செருகினால் முன்னர் வந்தவரின் அட்டையே மீண்டும் வந்துவிட்டது என்று யந்திரம் எண்ணிக் கொண்டது. எனவே திருடன் வரிசையில் நின்று முன்னால் இருப்பவரின் எண்ணைப் பார்த்துக் கொண்டால் போதும். இன்னொரு வகை யந்திரத்தில், சோதனைக்காகப் பதினான்கு இலக்கங்களை அழுத்தினால் பத்து நோட்டுகள் வெளிவரும்படி செய்திருந்தார்கள்; அந்தப் பதினான்கு இலக்கத்தையும் ஒரு வங்கி தன் கிளைகளுக்கான கையேட்டில் அச்சிட்டும் கொடுத்திருந்தது! எல்லாம் அசட்டை, மறதி, அஞ்சலில் களவு, உள்ளிருப்போரின் கைவரிசை. பூட்டு நல்ல பூட்டுத்தான். கதவுக்கு ஓரத்தில் சுவர் இல்லை.

காந்தப்பட்டை அட்டையை எளிதில் நகலெடுக்க முடிந்ததால், அட்டைக்குள்ளேயே ஒரு சிறு கணிப்பொறியைப் பதிக்கும் முறை பின்னர் பரவிற்று. பிரெஞ்சுக்காரரான ரோலான் மொரேனோ 1974இல் இதற்குக் காப்புரிமை கோரினார். 1992க்குள் பிரான்சின் வங்கி அட்டைகள் அனைத்தும் இம்முறைக்கு மாறின. பிரிட்டன் 2006இல் முற்றிலும் மாறியது. இதனால் இரகசிய எண்ணின் வேலையும் மாறிற்று என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். முன்பு எண் தொலைவிலுள்ள வங்கிக்குச் சென்று சரிபார்க்கப்பட்டது. இப்போது அட்டையே எண்ணை வாங்கிச் சரிபார்த்து, ஆம் அல்லது இல்லை என்று கடைக்காரரின் யந்திரத்துக்குச் சொல்ல முடிந்தது. பணத்துக்குப் பூட்டாக இருந்தது, ஒருவரின் அடையாளத்துக்கே பூட்டாயிற்று.

எஸ்தோனியா என்னும் சிறு நாடு இதனை எல்லைவரை கொண்டு சென்றது. 2002 முதல் அது தன் குடிமக்களுக்கு வழங்கி வரும் அடையாள அட்டைக்கு எண் இரண்டு. நான்கு இலக்க எண் ஒன்று, தாம் இன்னார் என்று காட்டுவதற்கு. ஐந்து இலக்க எண் மற்றொன்று, கையெழுத்திடுவதற்கு. ஒன்றுக்கு இரண்டு வைத்த அறிவை நான் மிகவும் மெச்சுகிறேன். கதவைத் தட்டி "நான்தான்" என்று சொல்வதும், பத்திரத்தில் ஒப்பமிடுவதும் ஒரே செயலன்றே? இவ்வளவு கவனமாகச் செய்த அந்நாட்டிலும் 2017இல் ஓர் இடர் வந்தது. அட்டையிலிருந்த சில்லு தன் இரகசியத் திறவுகோலை உண்டாக்கிய முறையில் குறை இருப்பதைச் செக் நாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 7,60,000 அட்டைகளின் சான்றிதழ்களை அந்த அரசு நிறுத்தி வைக்க நேர்ந்தது. குடிமக்களில் எவரும் தம் எண்ணை யாரிடமும் சொல்லவில்லை. ஆயினும் பூட்டு பழுதாகிவிட்டது.

அதைவிடக் கூர்மையான உதாரணம் 2010இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டியது. அட்டை, கடைக்காரரின் யந்திரத்துக்கு எண் சரி என்று சொல்கிறதல்லவா? அந்த 'சரி' என்ற விடைக்கு முத்திரை எதுவும் இல்லை. யார் சொன்னாலும் யந்திரம் நம்பிவிடும். ஆகவே திருடிய அட்டைக்கும் யந்திரத்துக்கும் நடுவே ஒரு சிறு கருவியை வைத்தார்கள். எந்த எண்ணை அழுத்தினாலும், அந்தக் கருவி 'சரி' என்று யந்திரத்துக்குச் சொல்லும். அட்டையிடமோ, கையெழுத்துப் பெற்றாயிற்று, எண் வேண்டியதில்லை என்று சொல்லும். வாய்மையில்லாத தரகன் இரு தரப்புக்கும் வெவ்வேறு செய்தி சொல்வது போலத்தான். இறுதியில் வரும் இரசீதில், 'இரகசிய எண்ணால் சரிபார்க்கப்பட்டது' என்றே அச்சாகியிருந்தது.

"எண் சரியாகப் போடப்பட்டிருக்கிறது, பாட்டி" என்று வங்கியில் சொன்னாரே, அதை இந்த இரசீதுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். எண் சரியாக இருந்தது என்றால், அந்த எண்ணை அறிந்த யாரோ ஒருவர் அங்கே இருந்தார் என்பதுதான் பொருள். சில வேளை, அவ்வளவுகூட இல்லை. அந்த மனிதர் இவர்தான் என்பது நாமாகச் சேர்த்துக் கொள்வது. சேர்த்துக் கொள்வதில் தவறில்லை. பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் அது ஊகம். ஊகத்தைச் சாட்சியம் என்று எழுதிவிட்டால், மறுக்கும் சுமை எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டியின் தலையில் ஏறுகிறது.

நம் நாட்டில் முதல் பணம் வழங்கும் யந்திரம் 1987இல் பம்பாயில் நிறுவப்பட்டது. கடைகளில் பற்று அட்டையைப் பயன்படுத்தும்போதும் எண் வேண்டும் என்பது 2013 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2016இல் கைப்பேசிவழிப் பணமாற்றம் தொடங்கி, இளநீர்க் கடை வரைக்கும் இரகசிய எண் வந்து சேர்ந்தது. அதைப் பயன்படுத்தும் மாணவர்கள் ஒன்றை நினைவில் வைத்திருங்கள்: பணம் கொடுப்பதற்குத்தான் அந்த எண் வேண்டும், வாங்குவதற்கு ஒருநாளும் வேண்டாம். "பரிசு வந்திருக்கிறது, எண்ணைப் போடுங்கள்" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன்.

சுமை யாருடையது என்னும் கேள்விக்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கையில் விடை இருக்கிறது. வாடிக்கையாளர் பொறுப்பாளி என்று மெய்ப்பிக்கும் கடமை வங்கியுடையது. பிழை இரு தரப்பிலும் இல்லாமல் வெளியே எங்கோ நேர்ந்திருந்து, செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு நட்டம் கிடையாது. இதைக் கண்டதும் எனக்கு ஒரே உற்சாகம். தாளை அச்செடுத்துக் கொண்டு, மூதாட்டியையும் அழைத்துக் கொண்டு வங்கிக்குச் சென்றேன். அன்று அமர்ந்திருந்த அதிகாரி பொறுமைசாலி. தாளைப் படித்தார், நான் சொன்னதை ஒப்புக் கொண்டார். பிறகு மூதாட்டியின் பக்கம் திரும்பி, "அம்மா, இந்த எண்ணை வேறு யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"யார்கிட்ட சொல்லலே? எனக்கு அந்தப் பெட்டியைத் தட்டத் தெரியுமா? பணம் எடுத்துக் குடுக்கிற பிள்ளைங்ககிட்டயெல்லாம் சொல்லித்தானே ஆகணும்?" என்றார் அவர்.

அதே சுற்றறிக்கையில், வாடிக்கையாளர் தம் இரகசியத்தைப் பிறரிடம் சொன்னதால் விளைந்த நட்டம், வங்கிக்குத் தெரிவிக்கும் நாள் வரை அவரையே சாரும் என்றும் இருக்கிறது. நானும் படித்திருந்தேன். சில வாரங்களில் அப்படியே பதில் வந்தது. அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை பணம் கிடைத்திருக்கும். எனக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வாய் வரவில்லை. அவருக்கும் அது தோன்றவில்லை.

புதிய அட்டை வந்தது. எழுத்துத் தெரியாவிட்டாலும் அவருக்குக் காசு எண்ணத் தெரியும். ஒன்பது வரை எண்களைப் பார்த்தால் சொல்வார். மூன்று நாட்கள் மாலையில், ஒரு காகிதத்தில் பொத்தான்களை வரைந்து, எந்த விசைக்குப் பின் எந்த விசை என்று விரல் பழகும்வரை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். மகன் பிறந்த ஆண்டு வேண்டாம் என்றும், எண்ணை என்னிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். அடுத்த முதல் தேதியன்று யந்திரத்தின் முன் நாங்கள் இருவரும் நின்றோம். அட்டையைச் செருகியதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க, வாத்தியாரையா" என்று சொல்லிவிட்டு, முந்தானையை விரித்துப் பொத்தான்களின் மேல் போட்டுக் கொண்டார்.